கட்டை போடாமல் இறங்கிய கார்

எங்கள் எஸ்டேட் முதலாளியின் பழைய கார் ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கும்போதெல்லாம் அதன் ஃபுட்போர்டில் என் அப்பா நின்றுகொண்டு போவார். ஒரு கை கதவைப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் பலாமரக் கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டை அது. அதில் ஒரு கயிறு, கயிற்றின் முனை அவருடைய மணிக்கட்டில். கொண்டை ஊசி வளைவு வந்ததும் அப்பா குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவார். கார் நிற்கும். நீளமான கார் என்பதால் ஒரே மூச்சில் வளைவில் திரும்பாது. நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஏற்றி, மறுபடி ஒடித்துத் திருப்ப வேண்டும். கார் பின்னால் நகர்ந்ததும் கயிற்றைச் சுண்டிக் கட்டையை இழுத்துக்கொண்டு, ஓடிவந்து மறுபடியும் தொற்றிக்கொள்வார். அடுத்த வளைவில் மறுபடியும் குதிப்பார்.

அந்தக் காருக்கு பிரேக் சரியாகப் பிடிக்காது. அது எல்லோருக்கும் தெரியும். பிரேக்குக்குப் பதிலாக என் அப்பா இருந்தார்.

சேலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது வகுப்பில் ஒருத்தி ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். டூரிஸ்ட் யாரோ எடுத்தது. மலைப்பாதை, பழைய கார், பின்னால் வேட்டியை மடித்துக்கட்டி ஓடும் ஒரு மனிதர். "மனுஷன் என்னா ஓட்டம் ஓடறாரு பாருடி," என்று சிரித்தாள். நான், "அது என் அப்பா," என்றேன். அவள் ஃபோனை அணைக்கப் பார்த்தாள். "அணைக்காதே. முழுசா பாக்கணும்," என்று கையிலிருந்து வாங்கிக் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து காப்பி பறிக்க மேலே வந்தவர்கள் நாங்கள். வந்தவர்கள் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டிலேயே தங்கிவிட்டோம். மெக்கானிக்கல் எடுத்தபோது, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த கிரீஸ் வேல?" என்று கேட்காத ஆள் லைனில் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, எடுத்தேன். படித்து முடித்ததும் சேலத்தில் லாரி பிரேக் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன தை மாதம் பனியில் பாதை நனைந்திருந்த ஒரு காலையில் கட்டை வழுக்கியது. சக்கரம் அதன் ஓரத்தில் ஏறி இறங்கி அப்பாவின் பாதத்தில் உட்கார்ந்துவிட்டது. பெருவிரல் நகத்தோடு போயிற்று. முதலாளி தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கட்டுப்போட்ட காலோடு திரும்பி வந்த அப்பாவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்துப் போடக் கூடாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பங்களாவுக்குப் போனேன். முதலாளி தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்தக் காரோட பிரேக்கை நான் சரி பண்ணித் தர்றேனுங்க."

"நீயா?" சிரித்தார். "மெட்ராஸ்ல இருந்து பெரிய மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்தாச்சு. பழசக் கழட்டிப் போட்டுட்டு புதுசா ஆயில் பிரேக் வைக்கணும், வேற வழியே இல்லைன்னுட்டாரு. எங்க தாத்தா வாங்கின கார் இது. ஒரு ஆணியக்கூட மாத்த விடமாட்டேன்."

"மாத்த வேண்டாமுங்க. அதுல இருக்கிறதையே புடிக்க வெக்கிறேன்."

"புடிக்கலைன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "புடிக்கலைன்னா என்ன, உங்கப்பன் இருக்கான், கட்டை இருக்குது."

அவர் என் அப்பாவைவிட வயதில் சிறியவர்.

"புடிச்சுதுன்னா எங்கப்பா இனிமே அந்த ஃபுட்போர்டுல ஏற மாட்டாருங்க," என்றேன். "அதுக்குத்தானுங்க வந்தேன்."

சித்திரையில் சேலத்தில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் ஓர் ஊர்வலம் இருந்தது. அதில் கலந்துகொள்ள அவருக்குக் கொள்ளை ஆசை. அதுவரைக்கும் பார் என்றார்.

அப்பாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்னைய ஆரு கேட்டா? நானில்லாம அந்த வண்டி பெண்டு திரும்பாதுன்னு அடிவாரத்துல குப்பனூர் வரைக்கும் தெரியும். அதுவும் போச்சுன்னா, களை வெட்டற கூட்டத்துல நானும் ஒருத்தன். வேறென்ன?"

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "காலு போனாலும் போகுது, பேரு போகக்கூடாது உங்கப்பனுக்கு. அந்தக் கட்டையக் கட்டலுக்கடியில வெச்சுக்கிட்டு நெதமும் என்ற காலுல இடிக்குது. ஊட்டுல அதுக்குத்தான் மொதல் மரியாத."

ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஏறி வந்து, பங்களாவின் கார் ஷெட்டில் அந்தக் காரின் அடியில் படுத்தேன்.

அந்தக் காலத்துக் கார். பிரேக்குக்கு ஆயில் கிடையாது, ட்யூப் கிடையாது. காலால் பெடலை மிதித்தால் ஒரு இரும்பு ராடு இழுபடும். அது நடுவில் குறுக்காக இருக்கும் ஒரு தண்டை இழுக்கும். தண்டின் இரண்டு முனையிலிருந்தும் பக்கத்துக்கொரு ராடு இரண்டு பின்சக்கரத்துக்கும் போகும். முன்சக்கரங்களுக்கு பிரேக்கே இல்லை. அந்தக் குறுக்குத் தண்டு நடுவில் ஒரு ஊசியில் ஆட வேண்டும், தராசுக் கோல் மாதிரி. ஒரு பக்கம் முதலில் பிடித்தாலும் தண்டு சாய்ந்து மறுபக்கத்துக்கும் அதே பலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

தொட்டுப் பார்த்தேன். ஆடவில்லை. அழுக்கைச் சுரண்டினால் ஊசியைச் சுற்றி வெல்டிங்.

ஷெட் வாசலில் பீடியோடு நின்றிருந்த டிரைவர் அண்ணனைக் கேட்டேன். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் காரை ஓட்டுகிறவர்.

"அண்ணா, இத ஆருங்க வெல்டு வெச்சது?"

"நாந்தான். கடகடகடன்னு ஒரே சத்தம். ஐயாவுக்குச் சத்தம் ஆகாது. கீழ கொண்டுபோயி ரெண்டு பொட்டு வெச்சேன் பாரு, அப்புறம் ஒரு சத்தம் கெடையாது."

"சத்தமும் கெடையாது, பிரேக்கும் கெடையாதுங்கண்ணா."

"நாலு எழுத்துப் படிச்சுப்போட்டா வாயி நொம்ப நீளுது," என்று பீடியைத் தட்டினார்.

தராசுக் கோலை எனக்கு நன்றாகத் தெரியும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் சாயங்காலம் எடை போடுவார்கள். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கோலின் ஒரு பக்கம் விரலை முட்டுக் கொடுத்துக்கொண்டு எடை சொல்வார். மூட்டை எவ்வளவு கனமாக இருந்தாலும் கோல் பாதியில் நின்றுவிடும். சின்ன வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று, "வெரலை எடுங்க," என்று உரக்கச் சொன்னேன். அம்மா தொடையில் கிள்ளினாள். ரைட்டர் விரலை எடுத்தார். வெல்டிங்கை அரத்தால் ராவி எடுத்தபோது அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடைசிப் பொட்டும் உதிர்ந்து தண்டு ஊசியில் லேசாக ஆடியது. கடகடவென்று சத்தமும் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

இன்னொரு கோளாறும் இருந்தது. அது இந்த மலைக்கே உரியது. எங்கள் மலை டிரைவர்களுக்குப் பெடலில் கால் வைத்ததுமே மேலேயே பிடிக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனாலும் அது பிரேக் இல்லை என்பார்கள். அதனால் சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனிங் தேயத் தேய, சக்கரத்துக்குள் அதைச் சரிசெய்யாமல், ராடின் நட்டைத் திருகித் திருகி நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பெடல் விறைப்பாக இருந்தது. ஆனால் சக்கரத்தின் பக்கம் ராடு இழுத்துத் திருப்பும் சின்ன இரும்புக் கை முழுதாகச் சாய்ந்து ராடோடு ராடாகப் படுத்துவிட்டது. ஸ்பேனரைக் குறுக்காக இழுத்தால் நட்டு திரும்பும். அதன் நீளவாக்கிலேயே பிடித்து இழுத்தால் ஆனை இழுத்தாலும் திரும்பாது. அந்தக் காரில் எல்லோரும் நீளவாக்கில்தான் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

ராடுகளைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தேன். தேய்ந்த லைனிங்கை மட்டும் சேலத்தில் புதிதாக அடித்து வாங்கிவந்து மாட்டினேன். சக்கரத்துக்குள்ளேயே சரிசெய்தேன். இப்போது பெடல் கொஞ்ச தூரம் உள்ளே போய், அதற்குப் பிறகு கெட்டியாகப் பிடித்தது. டிரைவர் அண்ணன் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். அப்படியே இறங்கிவிட்டார்.

"கெணத்துல காலு போற மாதிரி போகுது. இது பிரேக்கே இல்ல. நான் இதத் தொட மாட்டேன் சாமி."

"போனாப் போகுதுங்கண்ணா, புடிக்குதா இல்லையா?"

"என்ற கால்தான் சொல்லுதே, புடிக்காதுன்னு."

அவர் தொடமாட்டேன் என்று முதலாளியிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அந்தக் கார் ஓட்டத் தெரிந்த வேறு ஆள் மலையில் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் லாரிகளையே முன்னும் பின்னும் எடுத்தவள். "அப்ப நானே ஓட்டறேனுங்க," என்றேன். முதலாளி என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் பாதையில் இறக்கிக் காட்டு என்றார்.

தனியாக எஸ்டேட் கேட் வரை ஓட்டியபோது சொன்ன இடத்தில் நின்றது. ஆனால் இந்தக் கார் தனியாகப் போகிற கார் இல்லை. பின்சீட் நிறைய விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போகும். பின்னால் கனம் ஏறினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கும், அச்சு நகரும், ராடு தானாகவே இழுபடும். மிதிக்காமலே பிரேக் உரசினால் பாதி மலையில் சூடேறி ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். எனவே ஆட்களை ஏற்றி வைத்து அளவு பிடிக்க வேண்டும்.

லைனுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். கூடவே அவளோடு பறிக்கிற அக்காள்மார்களையும்.

"ஐயா காருலயா? நாங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் காரை அவர்கள் துடைத்திருக்கிறார்கள். மழையில் சேற்றில் மாட்டியபோது தள்ளியிருக்கிறார்கள். ஒருவரும் உள்ளே உட்கார்ந்ததில்லை.

"சும்மா உக்காந்தாப் போதுங்க்கா. கனம்தான் வேணும்."

"கனத்துக்கா பஞ்சம்?" என்று ஒரு அக்கா இடுப்பில் கைவைத்துக் காட்டினாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

நான் அடியில் மல்லாந்து படுத்தேன். ஸ்பிரிங் கிறீச்சிட்டுத் தாழ்ந்து என் மூக்குக்கு மேலே வந்து நின்றது. ராடு இழுபட்டுச் சக்கரம் உரசுவது தெரிந்தது. நட்டை அரைச் சுற்று தளர்த்துவேன், "கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க்கா," என்பேன். மேலே ஒரே கும்மாளம்.

"ஏ, வறுத்த கள்ளக்கா கொண்டாந்தேன். தின்னுட்டு தோலக் கீழ போட்டுறாதீங்க."

"போட்டா உன்ற மவ வாயிலதான் விழும்."

"ஏனுங்க தொரைசாணி, இப்படியே சேலத்துக்குப் போயி ஒரு சினிமாப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?"

சட்டென்று சத்தம் நின்றது. அடியிலிருந்து எனக்கு முதலாளியின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"யாரைக் கேட்டு இவங்களை ஏத்தின?"

"கனம் வேணுமுங்க ஐயா," என்றேன் படுத்தபடியே.

"கனம் வேணும்னா காப்பி மூட்டை இல்ல?"

"மூட்டை அசையாதுங்க. உங்க விருந்தாளிங்க வளைவுல சாய்வாங்க, திரும்பி எட்டிப் பாப்பாங்க. அதுக்கும் சேத்துத்தானுங்க அளவு புடிக்கணும்."

மேலே கதவு திறக்கும் சத்தம். யாரோ இறங்கப் பார்க்கிறார்கள்.

"ஆரும் எறங்காதீங்க," என்று கத்தினேன். பிறகு பூட்ஸைப் பார்த்துச் சொன்னேன்: "இவங்க எறங்கினா நானும் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுருவேனுங்க. அப்புறம் மெட்ராஸ் மெக்கானிக்கையே கூப்டுக்கலாமுங்க."

பூட்ஸ் ஓர் அடி பின்வாங்கியது. பிறகு, "சீட் லெதர் பத்திரம்," என்றது. போய்விட்டது.

"பாத்தியாடி," என்றாள் மேலே அம்மா, "அடியில படுத்துக்கிட்டே அதட்டுது." அவள் குரலில் இருந்தது பயமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. கடலை உடைபடும் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஊர்வலத்துக்கு முந்தின ஞாயிறு குப்பனூர் பாதையில் இறக்கிப் பார்த்தேன். அங்கே வண்டி குறைவு. சரிவு அதிகம், பாதையும் ஒடுக்கம். பின்சீட்டில் அதே அக்காள்மார்கள், அம்மா. டிரைவர் அண்ணன் பைக்கில் பின்னால் வந்தார், நான் கவிழ்வதைப் பார்ப்பதற்கு. அப்பாவை உள்ளே உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. ஆறிய காலோடு, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஃபுட்போர்டில் ஏறிவிட்டார்.

"நீ ஓட்டற வரைக்கும் ஓட்டு. போடறப்ப நான் போட்டுக்குவேன்," என்றார்.

முதல் கொண்டை ஊசி வளைவு. கீழ் கியரில் ஊர்ந்து வந்து, பெடலை மிதித்தேன். பெடல் உள்ளே போனது, பிடித்தது. இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. அதற்குள் அப்பா குதித்துவிட்டார். பழகிய கால், அதுவாகக் குதித்தது. குனிந்து சக்கரத்துக்கு முன்னால் கட்டையை நீட்டினார்.

"போடாதீங்கப்பா!"

நிமிர்ந்து பார்த்தார். கார் சரிவில் மூக்கைக் கீழே நீட்டியபடி நின்றது. நான் பெடலை விடவில்லை. கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் குறைகிறதா என்று அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். குறையவில்லை.

அதே ராடுகளை இழுக்கும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், கிளட்சைப் பிடித்தேன், பின்னால் ஏற்றினேன். ஒரு விரற்கடைகூட முன்னால் வழுக்காமல் கார் பின்னால் ஏறியது. ஒடித்துத் திருப்பி இறக்கினேன். அப்பா ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

அடுத்த வளைவிலும் குதித்தார், நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. கட்டை கயிற்றில் தொங்கிக்கொண்டு முழங்காலில் இடித்தது. பாதி வழியில் நான் காரை ஓரங்கட்டி, இறங்கிப்போய்ப் பின்சக்கரத்து பிரேக் டிரம்மில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, கை பொறுக்கும் சூடு. இரண்டு பக்கமும் ஒரே சூடு. மறுபடி கிளம்பினேன். அடுத்த வளைவில் அப்பா குதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, எறங்கலீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கிண்டல் செய்தாள்.

"எறங்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார் அப்பா.

குப்பனூரில் டிரைவர் அண்ணன் பைக்கை நிறுத்தி, என்னிடம் எதுவும் சொல்லாமல், காரில் ஏறிப் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார். "உள்ள போயித்தான் புடிக்குது," என்றார், அது என் குற்றம் என்பதுபோல. அன்று எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஊர்வலத்தன்று காலையில் காரைப் பங்களா வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். போட்டோ எடுக்க ஒருவரை வரவழைத்திருந்தார் முதலாளி. விருந்தாளிகள் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். முதலாளி அப்பாவைப் பார்த்து, "தலைப்பாகை ஒண்ணைக் கட்டிக்கிட்டு, கட்டையோட ஃபுட்போர்டுல ஏறி நில்லுப்பா. போட்டோக்கு நல்லா இருக்கும். பழைய காலத்து மாதிரி," என்றார்.

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். இறங்கி நடப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா சொன்னார்: "கட்டை இல்லீங்க ஐயா."

"இல்லையா? எங்க போச்சு?"

"நேத்து ஊட்டுல வெறகெல்லாம் ஈரமுங்க. அதப் பொளந்து வெந்தண்ணி காய வெச்சுட்டாங்க. பலாக்கட்டை, நல்லா எரிஞ்சுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "நாந்தானுங்க பொளந்து குடுத்தேன்," என்றார்.

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப பெண்டுல என்ன பண்றது?"

"என்ற புள்ளையக் கேளுங்க," என்றார் அப்பா.

நான் இறங்கி வந்து முன்கதவைத் திறந்து பிடித்தேன். எத்தனையோ பேருக்கு அவர் வெளியிலிருந்து திறந்துவிட்ட கதவு. அப்பா சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மணிக்கட்டில் கயிறு உரசிய தழும்பு வெளுத்துத் தெரிந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி பின்சீட்டில் ஏறியதும் இன்ஜினைக் கிளப்பினேன். அடியில் குறுக்குத் தண்டு கடகடவென்று ஆடியது.

"என்ன சத்தம் அது?" என்றார் பின்னாலிருந்து முதலாளி.

"பிரேக்குங்க ஐயா," என்றேன். "அது ஆடிக்கிட்டேதான் இருக்கும்."